முதல் நாட்களை இங்கேயே முடித்துவிட்டுப் போ

கெலவரப்பள்ளி,
தை மாதம்.

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் பயணத் திட்டமும் வந்து சேர்ந்தன. ஆறு பேர். பெங்களூரிலிருந்து விமானத்தில் கொழும்பு, அங்கிருந்து சைக்கிளில் யாழ்ப்பாணம், பிறகு அதே வழியில் சைக்கிளிலேயே திரும்புதல். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் மாறி மாறி வேலை பார்க்கிற பிள்ளைகள் லீவைச் சேர்த்து வைத்து இப்படி ஒரு காரியத்தில் இறங்குவதில் எனக்கு மெத்த மகிழ்ச்சி. விசா, இன்சூரன்ஸ், பஞ்சர் ஒட்டுவது, கியர் மாற்றுவது எல்லாம் உனக்குத் தெரியும். அதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. கடைசிப் பத்தியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாயே, அதுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. “முதல் நாள் தெம்பாக இருக்கும்போதே நூறு கிலோமீட்டரை முடித்துவிட்டால் அப்புறம் நிம்மதிதானே சார்?”

நிம்மதி இருக்காது. இந்த எண்ணத்தை யார் யார் வாயிலிருந்தெல்லாமோ கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

உன் திட்டத்தைத் திரும்ப எடுத்துப் பார். காலையில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்குகிறீர்கள். பெட்டியைப் பிரித்துச் சைக்கிளைப் பூட்டி, மாலைக்குள் புத்தளம். நூறு கிலோமீட்டர் சொச்சம். மறுநாள் அநுராதபுரம் வழியாக வவுனியா. மூன்றாம் நாள் ஏ9 சாலையில் ஒரே மூச்சாக யாழ்ப்பாணம். வரைபடத்தில் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. சொல்லும்படியான மேடும் வழியில் கிடையாது. ஆனால் ஆறு உடம்புகள், அதுவும் சேர்ந்தாற்போல இரண்டு நாள் ஓட்டிப் பழகாத ஆறு உடம்புகள், இந்தத் திட்டத்தில் எங்கேயும் கணக்கில் வரவில்லை.

முதலில் வெயில். நீ பழகுவது ஓசூரில். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,900 அடி. ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஆறு, ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்பது நான் உனக்கு நடத்திய பாடம்தான். விடியற்காலையில் இந்தக் கெலவரப்பள்ளி அணைக்கட்டுச் சாலையில் நாற்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, வேர்க்கவே இல்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். நீ பயப்பட வேண்டியதே அதற்குத்தான். வேர்க்காமல் பழகிய உடம்பைக் கொண்டுபோய்ச் சிலாபத்துக் கடலோரத்தில் பதினொரு மணி வெயிலில் நிறுத்தப் போகிறாய். அங்கே வெப்பத்தைவிடக் காற்றின் ஈரப்பதம்தான் ஆளைச் சாய்க்கும். ஒரு லிட்டர் வேர்வை தோலின்மேல் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகும். ஆவியாகாமல் முழங்கையிலிருந்து சொட்டி ரோட்டில் விழுகிற வேர்வை எதையும் எடுத்துப் போகாது. உடம்பு நீரையும் இழக்கும், சூடும் தணியாது.

வெயிலுக்கு உடம்பு பழகும், பழகாமல் இல்லை. அதற்கு ஏழிலிருந்து பதினான்கு நாள் பிடிக்கும். ரத்தத்தில் பிளாஸ்மா கூடும். அதே வேகத்தில் ஓட்டும்போது நாடித்துடிப்பு இறங்கும். வேர்வை முன்கூட்டியே சுரக்கத் தொடங்கும். அதில் உப்பு குறையும். நாடித்துடிப்பு இறங்குவது முதல் நான்கைந்து நாளிலேயே தெரிய ஆரம்பித்துவிடும். ஆனால் தினமும் ஒன்றரை மணி நேரமாவது வெயிலில் வேலை செய்தால்தான் இது நடக்கும். குளிர்சாதன ஜிம்மில் பெடல் மிதித்தால் தொடை பெருக்கும், உடம்பு வெயிலுக்குப் பழகாது. பழகிய பிறகு குளிர்ந்த ஊருக்குத் திரும்பி வந்து சும்மா இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் அது கரைந்தும் போய்விடும். ஆகவே பயிற்சி புறப்படுவதற்குச் சற்று முன்பாக இருக்க வேண்டும்.

இனிமேல் நான் சொல்லப்போவது என்னுடைய சொந்தக் கொள்கை. பள்ளிக்கூடத்தில் இருந்தபோது சக ஆசிரியர்கள் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனார்கள், உனக்கும் சலிக்கலாம். உலகத்தைச் சுற்றிய பழைய சைக்கிள்காரர்கள் தங்கள் முதல் நாட்களை வெளிநாட்டில் கழிக்கவில்லை. எல்லாரும் வீட்டு வாசலில் ஏறி மிதித்தார்கள். எல்லை வருவதற்குள் முதல் நாட்களின் தொல்லை எல்லாம் தீர்ந்திருந்தது. விமானம் வந்த பிறகுதான் இந்த முதல் நாட்கள் அப்படியே தூக்கிக்கொண்டுபோய் அந்நிய ஊரில் இறக்கப்பட்டன.

தாமஸ் ஸ்டீவன்ஸை எடுத்துக்கொள். சைக்கிளில் முதன்முதலில் உலகத்தைச் சுற்றியவர். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். 1884 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் புறப்பட்டார். சைக்கிள் என்றால் நீ ஓட்டுவது போன்றதில்லை. முன்சக்கரம் நெஞ்சுயரம், பின்சக்கரம் மிகச் சிறியது, பிரேக் பிடித்தால் ஆள் தலைகுப்புற விழுவான். மூட்டையில் காலுறை, மாற்றுச் சட்டை, கூடாரமாகவும் படுக்கையாகவும் பயன்பட்ட ஒரு மழைக்கோட்டு, ஒரு கைத்துப்பாக்கி. ஆகஸ்டில் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். அந்த வழியில் மூன்றில் ஒரு பங்கைத் தள்ளிக்கொண்டு நடந்தே கடந்தார். சியரா நெவாடா மலையில் ரயில் பாதைக்குமேல் கட்டியிருந்த பனிக் கொட்டகைக்குள் புகுந்து நடந்தார். ஒரு கண்டத்தையே கடந்து முடித்து, குளிர்காலம் முழுவதும் நியூயார்க்கில் தங்கிவிட்டு, அடுத்த வசந்தத்தில்தான் கப்பலேறி லிவர்பூலில் இறங்கினார். பிறகு ஐரோப்பா, துருக்கி, பாரசீகம். ஆப்கானிஸ்தானில் வழி மறிக்கப்பட்டு, கப்பலில் கராச்சி வந்து, லாகூரிலிருந்து கல்கத்தா வரை நம் நாட்டிலும் மிதித்தார். 1886 டிசம்பரில் யோகோஹாமாவில் முடித்தார். வெளிநாட்டு மண்ணை மிதித்த முதல் நாளில் அவருக்கு வண்டி புதிதில்லை, வலி புதிதில்லை, மழை புதிதில்லை. மனிதர்களும் ரோடும் மட்டும்தான் புதிது.

அவர் தனி ஆள் என்பாய். சரி, கூட்டத்தைப் பார்ப்போம். ஜான் ஃபாஸ்டர் ஃப்ரேசர், லன், லோ என்ற மூவர் 1896 ஜூலையில் லண்டனிலிருந்து கிளம்பி, 774 நாளில் 19,237 மைல் ஓட்டித் திரும்பினார்கள். அவர்களும் வாசலில்தான் தொடங்கினார்கள்.

நம் நாட்டுக் கதை இன்னும் விசேஷம். 1923 அக்டோபர் 15. பம்பாய். அதி ஹகிம், ஜால் பாப்பாசோலா, ருஸ்தம் பூம்காரா, குஸ்தாத் ஹாத்திராம், கேக்கி போச்கானாவாலா, நரிமான் கபாடியா என்று ஆறு பார்சி இளைஞர்கள் உலகத்தைச் சுற்றப் புறப்பட்டார்கள். உங்களைப் போலவே ஆறு பேர், உங்கள் வயதுதான். எந்தச் சங்கத்து ஆட்கள் தெரியுமா? பம்பாய் பளுதூக்கும் சங்கம்! கால்சதை, கைச்சதை, புரோட்டீன் மாவு என்று நீ எழுதுகிறாயே, அந்தக் கணக்கில் அவர்கள் உங்களையெல்லாம் ஒரு கையால் தூக்கிவிடுவார்கள். 1928 மார்ச் 18 அன்று பம்பாய் திரும்பியவர்கள் மூன்றே பேர்: ஹகிம், பாப்பாசோலா, பூம்காரா. கபாடியா தெஹ்ரானிலிருந்து சொந்தக் காரணத்தால் ஊர் திரும்பினார். ஹாத்திராம் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். போச்கானாவாலாவும் வழியில் விலகினார். ஆறு பேரில் ஒருவர்கூடச் சதை போதாமல் நின்றுபோனதாக இல்லை. ஒரு கூட்டம் கலைகிற காரணங்கள் ஜிம்மில் தெரியாது.

அவர்களுடைய வழியைக் கவனி. பம்பாயிலிருந்து வடக்கே பஞ்சாப், அங்கிருந்து பலுசிஸ்தான், பிறகு பாரசீகம். பிரிவினைக்கு முந்தைய இந்தியா. எல்லை வருவதற்குள் ஆயிரம் மைலுக்கு மேல் சொந்த நாட்டு மண்ணில் ஓட்டியாகிவிட்டது. யாருக்கு எங்கே வலிக்கும், யார் காலையில் எழ மாட்டார், யார் பசித்தால் கோபப்படுவார் என்பதெல்லாம் இந்துஸ்தானி பேசுகிற ஊர்களிலேயே தெரிந்துபோயிருக்கும். அதற்கப்புறம்தான் ஈராக்கின் பாலைவனம், ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், கொரியா, சீனா எல்லாம். மொத்தம் எழுபத்தோராயிரம் கிலோமீட்டர். மூவரும் சேர்ந்து எழுதிய புத்தகம் 1931-இல் வந்தது. கிடைத்தால் படி. கிடைக்காவிட்டால் தேடிப் படி. உன் செல்போனில் ஸ்ட்ராவா செயலி காட்டுகிற எண்களைப் பார்க்கிற நேரத்தில் பாதி போதும்.

சரி, உனக்கு ஆயிரம் மைல் ஓட்ட லீவு கிடையாது. ஐந்து நாள் கிடைக்குமா? யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பி வருவதைப் பஸ்ஸில் வைத்துக்கொண்டு, இன்னும் சில நாள் லீவு சேர்த்தால் கிடைக்கும். அந்த ஐந்து நாளை இங்கே செலவழி. எங்கே என்று கேட்காதே. பதில் உன் வீட்டுப் பின்னாலேயே ஓடுகிறது.

தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரின் கழிவையும் சுமந்துகொண்டு நம் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. இங்கே முழு நீர்மட்டம் 44.28 அடி. அடுத்து கிருஷ்ணகிரி அணை, 52 அடி. அப்புறம் சாத்தனூர், 119 அடி. கடைசியில் கடலூர் அருகே கடல். இந்த ஆற்றோடு இறங்கிப் போ. 2,900 அடியில் தொடங்கிக் கடல் மட்டத்தில் முடிகிற வழி. நாளுக்கு நாள் வெயில் ஏறும், கடைசி நாள் ஈரப்பதமும் சேரும். இலங்கைக் கடற்கரையில் உன் உடம்பு எதைச் சந்திக்கப் போகிறதோ அதையே படிப்படியாகக் கொண்டுவந்து நிறுத்துகிற பாதை இது. யாரும் திட்டமிட்டுப் போட்டதில்லை. ஆறு தானாகவே போட்டு வைத்திருக்கிறது.

முதல் நாள் அணையிலிருந்து சூளகிரி, மேலுமலை இறக்கம், கிருஷ்ணகிரி. தேசிய நெடுஞ்சாலை 44. லாரிக்காரனுக்கு உன்னைத் தெரியாது. எங்கெல்லாம் சர்வீஸ் ரோடு இருக்கிறதோ அங்கெல்லாம் அதில் போ. நைட் ஷிப்ட் முடித்த கையோடு யாரும் வரக்கூடாது. தூங்கி எழுந்தவன்தான் வர வேண்டும். அணையில் தண்ணீர் திறந்திருந்தால் கீழே தரைப்பாலத்தில் நுரை வந்து மூடிக் கிடக்கும். வேடிக்கையாக இருக்கிறது, போட்டோ எடுக்கலாம் என்று அதற்குள் சைக்கிளை விடாதே. நுரைக்கு அடியில் குழி இருந்தால் முன்சக்கரம் இறங்கிய பிறகுதான் தெரியும்.

இரண்டாம் நாள் காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி, ஊத்தங்கரை. வலி அன்றைக்குத்தான் வரும். முதல் நாள் சீட்டில் உட்கார்ந்து அமுங்கிய இடத்தில் இரண்டாம் நாள் மறுபடி உட்காரும்போது தெரியும். உள்ளங்கை மரத்துப்போகும். சீட்டை ஒரு நூல் ஏற்றவோ இறக்கவோ வேண்டியிருக்கும்; ஹேண்டில்பாரைச் சற்று தூக்க வேண்டியிருக்கும். இதையெல்லாம் செய்து பார்க்கிற இடம் ஊத்தங்கரை. புத்தளத்தில் பெருநாளைக்குக் கடை மூடியிருக்கும்போது செய்கிற வேலை இல்லை இது. பேட் வைத்த கால்சட்டையை உள்ளாடை இல்லாமல் போடு, ராத்திரி துவைத்துக் காயப்போடு. புதுச் சீட்டு, புதுச் செருப்பு எதையும் பயணத்துக்கு முந்தைய வாரம் வாங்காதே.

மூன்றாம் நாள் சிங்காரப்பேட்டை, செங்கம், சாத்தனூர். மூன்றாம் நாள் வாய் திறக்கும். அதுவரை பொறுத்துக்கொண்டிருந்தவன் பேசுவான். “நேற்றும் நான்தான் கடைசி, இன்றைக்கும் நான்தான் கடைசியா?” என்பான். அவன் சொல்வது நியாயம். சைக்கிள் கூட்டங்களில் நடக்கிற ஓர் அநியாயத்தைச் சொல்கிறேன், கவனமாகக் கேள். வேகமாகப் போகிறவர்கள் டீக்கடையில் முதலில் போய் உட்கார்வார்கள். டீ குடித்து, வடை தின்று, கால் மணி நேரம் காற்று வாங்குவார்கள். கடைசி ஆள் வேர்த்து விறுவிறுத்து வந்து சைக்கிளைச் சாய்ப்பான். உடனே இவர்கள் எழுந்து, “எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாம்” என்பார்கள். ஓய்வு யாருக்கு வேண்டுமோ அவனுக்கு மட்டும் ஓய்வே கிடைப்பதில்லை. அன்று மாலைக்குள் அவன் மனத்தில் இந்தப் பயணம் முடிந்துவிடும். ஆகவே உங்கள் கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம் போடு: ஓய்வு நேரம் கடைசி ஆள் உட்கார்ந்த நிமிஷத்திலிருந்து எண்ணப்படும்.

இதையே கணக்காகவும் சொல்லலாம். காற்றின் தடைக்காக மட்டும் செலவாகிற திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். மணிக்கு இருபதில் போகிறவன் இருபத்தைந்துக்குப் போக ஆசைப்பட்டால், வேகம் கால் பங்குதான் கூடுகிறது. காற்றுக்குக் கொடுக்க வேண்டியது ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. பலமுள்ளவனுக்கு அது சும்மா ஒரு மிதி. பலமில்லாதவனுக்கு அன்றைய முழுச் சக்தியும் அதிலேயே தீரும். முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிப் போனால் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை உழைப்பு மிச்சமாகும் என்பதும் உண்மைதான். அப்படியானால் யார் முன்னால் போக வேண்டும்? பலமுள்ளவன் முன்னால், ஆனால் இரண்டாவதாக வருகிற மெலிந்தவனின் மூச்சைக் கேட்டபடி. அவனால் பேசிக்கொண்டே ஓட்ட முடிகிறதா என்று பார். பேச்சு நின்றுபோனால் வேகம் அதிகம் என்று அர்த்தம். பழகாத கூட்டம் ரொம்பவும் ஒட்டிப் போகவும் கூடாது. உன் முன்சக்கரம் அடுத்தவனின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் ஒருபோதும் நுழையக்கூடாது. அவன் குழியைப் பார்த்து ஓர் அடி ஒதுங்கினால் விழுகிறவன் நீதான், அவன் இல்லை. பின்னால் பஞ்சர் பெட்டியோடும் பம்போடும் ஒருவர் வாலாக வரட்டும். அந்த வேலையைத் தினம் ஒருவர் மாற்றிச் செய்யுங்கள். நீ தலைவன் என்பதால் முதல் நாள் நீயே செய்.

நான்காம் நாள் திருக்கோவிலூர். இங்கே கொஞ்சம் நின்று பார். வள்ளல் பாரி மாண்ட பிறகு அவன் மகளிரோடு புலவர் கபிலர் பறம்பு மலையை விட்டு இறங்கினார். கடைசியில் அவர் வடக்கிருந்து உயிர்விட்ட இடம் என்று சொல்லப்படுகிற கபிலர் குன்று இதே பெண்ணை ஆற்றுக்குள்தான் நிற்கிறது. சங்கப் பாட்டுகளைப் படித்துவிட்டு இந்த ஊருக்கு வருகிறவனுக்கு அந்தப் பாறையை விட்டு நகர மனம் வராது. நீ படிக்கவில்லை, எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில் தமிழ் வகுப்பின்போது நீ எங்கே இருப்பாய் என்பதும் தெரியும். போகட்டும்.

ஐந்தாம் நாள் பண்ருட்டி, கடலூர். கடற்காற்றில் ஈரம் ஏறும். குடிக்கிற தண்ணீரின் கணக்கு இங்கே சரியாக வேண்டும். வெயிலில் மிதிக்கிறவனுக்கு மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வேர்வை போகலாம். அதற்காக வெறும் தண்ணீரையே மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துத் தலைசுற்றும், வாந்தி வரும். அளவு மீறினால் ஆபத்து. உப்புப் போட்ட நீர்மோர், கஞ்சி, கூடவே ஊறுகாய். கடைகளில் விற்கிற கலர் பவுடர் இல்லாமலே இந்தக் காரியம் நடக்கும். இலங்கையில் செவ்விளநீர் எங்கும் கிடைக்கும். ஆனால் அதில் வேர்வைக்கு ஈடான உப்பு கிடையாது. ஒரு சிட்டிகை உப்பைக் கையில் வைத்துக்கொள்.

கடலூரில் இன்னொரு பாடம் இருக்கிறது. அங்கேயே சைக்கிளைக் கழற்றி அட்டைப்பெட்டியில் கட்டி, வேனில் ஏற்றிக் கொண்டுவந்து, ஓசூரில் மறுபடி பூட்டுங்கள். விமானத்துக்குக் கட்டுகிற மாதிரியே கட்டுங்கள். கியர் தொங்குகிற பின்பக்கம் நசுங்காமல் அட்டை வைக்க வேண்டும். பெடலைக் கழற்றத் தெரிய வேண்டும். இடது பெடல் லெஃப்ட் த்ரெட் என்பது டூல்ரூமில் வேலை பார்க்கிற உனக்குத் தெரியும். உன்னோடு வருகிற மற்றவர்களுக்குத் தெரியுமா? ஸ்பேனரை மேல்நோக்கி மாட்டிப் பின்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இரண்டு பக்கப் பெடலும் கழலும். இதை மட்டும் மனப்பாடம் செய்ய வை. இரண்டு பக்கமும் ஒரே மரை இருந்தால் ஓடுகிற ஓட்டத்தில் ஒரு பக்கப் பெடல் தானாகக் கழன்றுவரும். அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. விமானம் செய்வதற்கு முன் சைக்கிள் செய்து விற்ற ரைட் சகோதரர்களும் தங்கள் சைக்கிளில் இந்த இரட்டை மரையைப் போட்டார்கள். வலது பெடலை இடது கிராங்கில் வைத்துப் பலங்கொண்ட மட்டும் திருகி மரையை அழித்தால், கட்டுநாயக்க விமான நிலைய வாசலிலேயே பயணம் முடிந்தது.

என்னடா இது, வெளிநாடு போகிறவனிடம் ஊத்தங்கரையையும் பண்ருட்டியையும் சொல்லிக்கொண்டிருக்கிறாரே இந்த வாத்தியார் என்று தோன்றும். உங்களுக்கெல்லாம் சொந்த ஊர் ரோட்டில் பழகுவது கேவலமாகப் போய்விட்டது. புதுக்கோட்டையை நினைத்துப் பார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத்தின் முயற்சியில், அந்த மாவட்டத்துக் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். சிலர் அதைத்தான் விரும்பியும் வாங்கினார்கள். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே உள்ள பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால். கேலி பேசிய ஆண்கள் நின்ற அதே தெருவில், கூட்டமாக விழுந்து எழுந்துதான் பழகினார்கள். நாலு பேர் சிரிக்கிற இடத்தில் விழுந்து எழுந்தவர்களுக்குப் பிறகு எந்த ரோட்டிலும் கூச்சம் இல்லை. நீங்கள் ஆறு பேரும் அப்படிச் சொந்த ஊரில், சொந்த பாஷையில், பஞ்சர் கடைக்காரரை அண்ணே என்று கூப்பிடுகிற இடத்தில் விழுந்து எழுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டுப் போனால் இலங்கைத் திட்டத்தை எப்படி மாற்றுவது? இறங்கிய நாள் சைக்கிளைப் பூட்டி, நீர்கொழும்பு வரை ஓட்டிப் பார்த்துத் தங்குங்கள். இரண்டாம் நாள் சிலாபம். பக்கத்திலேயே முன்னேஸ்வரம் கோயில், மாலையில் போய்வரலாம். மூன்றாம் நாள் புத்தளம். இடதுபுறப் போக்குவரத்து நம்மைப் போலத்தான், அதில் குழப்பம் வராது. ஆனால் கொழும்பு–புத்தளம் சாலையில் தனியார் பேருந்துகள் ஒன்றையொன்று முந்துவதைப் பார்த்தால் நம் ஊர் டவுன் பஸ் சாதுவாகத் தெரியும். விடியற்காலையில் புறப்பட்டுப் பத்தரைக்குள் பாதிக்கு மேல் முடித்துவிடு. நான்காம் நாள் அநுராதபுரம். அந்த வழி வில்பத்துக் காட்டை ஒட்டிப் போகிறது. யானையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ராயக்கோட்டை ரோட்டில் சானமாவுக் காட்டருகே ராகி அறுப்புக் காலத்தில் இருட்டிய பிறகு நாம் என்ன செய்வோமோ அதையே அங்கேயும் செய். அதாவது, போகாதே. ஐந்தாம் நாள் வவுனியா. அதற்குமேல் ஆனையிறவு, யாழ்ப்பாணம் எல்லாம் உங்கள் பாடு. அதற்குள் நீங்கள் ஒரே கூட்டமாக ஆகியிருப்பீர்கள். என் கடிதம் தேவைப்படாது.

முதல் நாள் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவனை நான் வீரன் என்று சொல்ல மாட்டேன். ஐந்தாம் நாளும் ஆறு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டால் அந்தத் தலைவனுக்கு ஓட்டத் தெரியும் என்று ஒத்துக்கொள்வேன்.

திட்டத்தைத் திருத்தி எனக்கு எழுது. அடுத்த ஞாயிறு காலை ஐந்தரைக்கு ஆறு பேரையும் சைக்கிளோடு அணைக்கட்டுக்கு அழைத்து வா. சீட்டு உயரத்தை நானே பார்க்கிறேன். ஐந்து பேர்தான் வர முடியும் என்றால் அன்றைக்கு வர வேண்டாம். ஆறு பேருக்கும் வசதிப்படுகிற வேறொரு ஞாயிறு பார்த்துச் சொல்.

அன்புடன்,
உன் பழைய இயற்பியல் வாத்தியார்